ரைன் கரையில் ஒரு மதிற்சுவர்

ஜெர்மனி நாட்டில் பிங்கன், கோப்லன்ஸ் ஆகிய நகரங்களுக்கு இடையே ரைன் நதி மலைகளை ஊடறுத்துப் பாய்கின்றது. ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பள்ளத்தாக்கில் சுமார் 40 கோட்டைகள் உள்ளன. 2002ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இவ்வழியே பயணம் செய்யும் பேறு நமக்கும் கிட்டிற்று.

காலையில் பிங்கனில் படகேறினோம். இரு கரைகளிலும் செங்குத்தான சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். அவற்றின் மேல் கோட்டைகள். காவுப் என்னும் சிற்றூருக்கு எதிரே, நதியின் நடுவிலேயே ஒரு கோட்டை கப்பலைப்போல் நிற்கின்றது. அது 14ஆம் நூற்றாண்டில் சுங்கம் தண்டுவதற்கென்று கட்டப்பட்டது. சரக்குப் படகுகள் அங்கே வரி செலுத்திய பின்னரே மேற்செல்ல முடியும். பிரபுக்களின் செல்வம் இவ்வாறு சுங்கத்தால் பெருகியது. அதைக் கடந்தால், நதி குறுகி வளையும் இடத்தில் லோரெலை என்னும் 132 மீட்டர் உயரப் பாறை. முற்காலப் படகோட்டிகள் அஞ்சிய இடம் அது.

போர்ன்ஹோபனில் இறங்கினோம். அவ்வூருக்கு மேலே ஸ்டெரன்பர்க், லீபன்ஸ்டைன் என்னும் இரு கோட்டைகள் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. ‘பகைத்த சகோதரர்’ என்பதே மக்கள் அவற்றுக்கு இட்ட பெயர். மலையேறிச் சென்றோம். இரு கோட்டைகளுக்கும் நடுவே தடித்த மதிற்சுவர் ஒன்று உள்ளது. அதற்கு ‘சச்சரவுச் சுவர்’ என்று பெயர். போர்க்காலத் தற்காப்புக்காக எழுப்பிய சுவரே அது என்பர் வரலாற்று அறிஞர். ஆயினும் மக்கள் வழங்கும் கதை வேறு. லுட்விக் பெக்ஸ்டைன் 1853இல் வெளியிட்ட ஜெர்மானியக் கதைத் தொகுப்பில் அது இடம்பெற்றுள்ளது.

செல்வந்தரான இரு சகோதரருக்குப் பார்வையற்ற சகோதரி ஒருத்தி இருந்தாள். தாய் இறந்தபின் மூவரும் பணத்தை மரக்காலால் அளந்து பிரித்தனர். தங்கள் முறை வந்தபோது சகோதரர் நிறைய அளந்துகொண்டனர். அவள் முறை வந்தபோதோ மரக்காலைக் கவிழ்த்து, அதன் அடிப்புறத்தின்மேல் மட்டும் காசுகளைப் பரப்பினர். அவள் தடவிப் பார்த்து, நிறைந்திருப்பதாக நம்பினாள். அவளுடைய சிறு பங்கில் இறை ஆசீர் தங்கிற்று. அதைக் கொண்டு போர்ன்ஹோபன் உட்பட மூன்று இடங்களில் பக்தி வழிபாடுகளை நிறுவினாள். சகோதரரின் செல்வமோ கரைந்தது. நட்பு பகையாயிற்று, சுவர் எழுந்தது. எல்லாம் இழந்தபின் ஒப்புரவாகி, விடியலில் வேட்டைக்குச் செல்ல உடன்பட்டனர். முதலில் விழிப்பவர் மற்றவரின் சாளரக் கதவில் அம்பெய்து எழுப்பவேண்டும் என்பது ஏற்பாடு. இருவரும் ஒரே கணத்தில் விழித்து, ஒரே கணத்தில் சாளரத்தைத் திறந்து எய்தனர். ஒருவர் அம்பு மற்றவர் மார்பில் தைத்தது.

அச்சுவரருகே நிற்கையில் நமது பங்கு நினைவுக்கு வந்தது. ஒரே பந்தியில் நன்மை வாங்கியும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராத சகோதரரை நாம் அறிவோம். தன் பங்கைக் குறித்துச் சகோதரரிடம் பேசுமாறு நம்மை நாடி வந்த ஒரு பெண்ணிடம், “அது உங்கள் குடும்ப விவகாரம்” என்று சொல்லி அனுப்பியதும் நினைவுக்கு வந்தது. கவிழ்ந்த மரக்காலை நாமும் கண்டும் காணாதிருந்தோம்.

கீழே இறங்கி, போர்ன்ஹோபன் திருத்தலத்தில் வியாகுல மாதாவின் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டோம். இறந்த திருமகனை மடியில் தாங்கிய அத்தாயிடம் சொல்ல நமக்குச் சொற்கள் கிடைக்கவில்லை.

மாலையில் எதிர்க்கரையிலுள்ள போப்பார்டு நகரை அடைந்து, இழுவை நாற்காலியில் மலைமேல் சென்றோம். அங்கே ‘நான்கு ஏரிக் காட்சி’ என்னும் இடம் உண்டு. இடையிடையே குன்றுகள் மறைப்பதால், ரைன் நதி அங்கிருந்து நான்கு தனித்தனி ஏரிகளாகத் தோன்றுகின்றது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாததுபோல் காட்சி. ஆனால் சற்றுமுன் அந்நீரின்மேல் வந்தவர்கள் நாம். அது ஒரே நதி என்பது நமக்குத் தெரியும். ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்களும் அவ்வாறே.

ஊர் திரும்பியதும் அப்பெண்ணின் இல்லத்தை நாடிச் சென்றோம். அவளுடைய சகோதரரையும் சந்தித்தோம். பேச்சு இன்னும் முடியவில்லை. அன்பர்களே, உங்கள் இல்லங்களில் பாகம் பிரிக்கும் நாள் வரும். அன்று மரக்கால் நிமிர்ந்திருக்கின்றதா என்று பாருங்கள்.