தம்பானையும் பசறையும்

பசறையும் தம்பானையும் பதுளை மாவட்டத்திலேயே உள்ளன. முன்னையது தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலைநகர். பின்னையது மஹியங்கனைப் பகுதியில் காட்டோரம் அமைந்த வேடர் சிற்றூர். மொழியின் வாழ்வும் தாழ்வும் பற்றிச் சிந்திப்போர் இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குதல் தகும்.

வேடர் தம்மை 'வன்னியல அத்தோ' என்பர். காட்டுமக்கள் என்பது அதன் பொருள். 1911இல் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட நூல் அவர்தம் வாழ்வை விரிவாக எடுத்துரைத்தது. 1972இல் சுகதபால டி சில்வாவின் ஆய்வு அவர்தம் மொழியை ஆராய்ந்தது. சிங்களத்தோடு பெரிதும் கலந்துவிட்ட அம்மொழியில், சிங்களத்தால் விளக்கவியலாத பழஞ்சொற்களும் எஞ்சியுள்ளன. கிழக்குக் கரையோர வேடரோ தமிழ் பேசுவோராயினர்.

மொழி தேய்ந்தமைக்குப் பள்ளிக்கல்வியும் கலப்புமணமும் மட்டுமே காரணங்கள் அல்ல. வேட்டையும் தேனெடுத்தலுமே அம்மொழி வாழ்ந்த களங்கள். 1983இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது அக்களங்கள் மூடப்பட்டன. குடும்பங்கள் பல குடியேற்றங்களுக்குப் பெயர்ந்தன. தலைவர் திசாஹாமி மட்டும் சிலருடன் தம்பானையிலேயே நிலைத்தார். செயலை இழந்த சொல் நாவில் நெடுநாள் தங்குவதில்லை.

மலையகத் தமிழ் அழியும் மொழியன்று. ஆயினும் கொழுந்து, பிரட்டுக்களம், பேர் போடுதல் முதலான வழக்குகளும், தாலாட்டும் ஒப்பாரியும் காமன்கூத்தும் தோட்ட வாழ்வோடு பின்னிப் பிணைந்தவை. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தமை அரும்பணியாகும். எனினும், பாடுவோரின்றி ஏட்டுப் பாடல் உயிர்வாழாது. தோட்டப் பேச்சென்று பிறர் எள்ளுவர் என அஞ்சி, நகரத்தில் தன் வழக்கை மறைக்கும் இளைஞனிடத்தில் அது மெல்ல மாய்கிறது. வேடரிடமிருந்து காடு பறிக்கப்பட்டது. இவனிடமிருந்து பறிபோவது தன்மதிப்பு.

அடிமை வாழ்வில் பிறந்த சொற்களைக் காப்பானேன் என்று வினவுவோரும் உளர். லயன் காம்பிரா ஒழியவேண்டும். அதிற் பலருக்குக் கருத்து வேறுபாடு இராது. ஆனால், அதனுள் வாழ்ந்தோர் தம் துயரையும் நகையையும் எவ்வாறு மொழிந்தனர் என்பது ஒழிந்தால், அவர்தம் வரலாற்றைப் பிறரே எழுதுவர்.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982இல் 'கோஹங்க ரேயோ' என்னும் மொழிக்கூடுகளைத் தொடங்கினர். அங்கே முதியோர் மழலைகளோடு தாய்மொழியிலேயே பேசினர். அகராதிக்கு முன் அவர்கள் நாடியது குழந்தையின் செவியை. பசறைத் தோட்டத்துப் பாட்டியின் கதையைப் பேரன் கேட்டு, வெட்கமின்றித் திருப்பிச் சொல்லும் நாளே அங்கும் மறுமலர்ச்சியின் முதல் நாளாகும்.