வீட்டுக்குள் ஒரு வானம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

விமானம் என்றால் நம் பக்கத்து மக்களுக்கு அது அண்ணாந்து பார்க்கும் பொருள். விழுப்புரத்திலும் விமான நிலையம் இல்லை, திண்டிவனத்திலும் இல்லை. மீனம்பாக்கம் வரை போய் வந்தவர்களும் பெரும்பாலும் வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் உறவினரை வழியனுப்பிவிட்டுத் திரும்பியவர்களே. என் குடும்பத்தில் விமானத்தில் ஏறியவர் எவருமில்லை. கல்லூரிப் படி ஏறியவர்களிலும் நானே முதல்வன். அப்படிப்பட்ட நான், சென்ற ஓராண்டாக வாரத்தில் இரண்டு இரவுகள் விமானம் ஓட்டி வருகிறேன் என்று சொன்னால் நண்பர்கள் நகைக்கக்கூடும். நகையுங்கள், ஆனால் சற்றுக் கேளுங்கள். நான் ஓட்டுவது வானத்தில் அன்று, மடிக்கணினியில்.

இதற்கு ஃபிளைட் சிமுலேட்டர் என்று பெயர். விளையாட்டுப் போலத் தோன்றினாலும் இதன் பிறப்பு விளையாட்டில் அன்று. அமெரிக்காவில் ஆர்கன் இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் பிறந்த எட்வின் லிங்க் என்பவர், அந்தக் கருவிக்குக் காற்றடிக்கும் துருத்திகளைக் கொண்டே 1929-இல் ஒரு பயிற்சிப் பெட்டியை அமைத்தார். தரையிலேயே நின்றபடி சாயும், திரும்பும் அந்தப் பெட்டியில்தான் இரண்டாம் உலகப் போரில் பல்லாயிரம் விமானிகள் பழகினார்கள். கணினி வந்தபின் அதுவே திரைக்குள் புகுந்தது. 1982-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் சிமுலேட்டர் வெளிவந்தபோது, வீட்டு மேசையே விமானியின் இருக்கையாயிற்று.

என்னிடம் உள்ளது ஃபிளைட்கியர் என்பது. 1990-களின் பிற்பகுதியில் உலகின் பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்கத் தொடங்கி, எவரும் காசு கொடுக்காமல் பெறலாம் என்று பொதுவில் விட்ட மென்பொருள் அது. மடிக்கணினியோ, என் மாமா மகன் பிளஸ் டூ படித்த காலத்தில் அரசு தந்த விலையில்லா மடிக்கணினி. அவர் ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போனதும் அது என்னிடம் வந்தது. பாட்டரி நிற்காது, மின்சாரம் போனால் விமானமும் போயிற்று. பெரிய நகரங்களைத் திரைக்குக் கொண்டுவந்தால் காட்சி தத்தித் தத்தித்தான் நகரும்.

இந்தக் குறையே எனக்கு வழிகாட்டியாயிற்று. சிமுலேட்டர் கிடைத்தவர் எவரும் முதலில் செய்வது ஒன்றே. பெரிய போயிங்கை எடுப்பார். சென்னையிலிருந்து டில்லிக்குப் புறப்படுவார். மேலே போனதும் ஆட்டோபைலட்டைப் போட்டுவிடுவார். பிறகு இரண்டரை மணி நேரம் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அங்கே ஓட்டுபவருக்கும் பயணிக்கும் என்ன வேறுபாடு? என் கணினிக்குப் பெரிய விமானமும் பெரிய நகரமும் தாங்காது. ஆகவே சிறிய விமானத்தில், தாழ்வாக, மெதுவாக, நம் மாவட்டத்தின் மீதே பறக்கலானேன். பெரும்பாலோர் தீண்டாமல் விடும் இந்தச் சிறு பறப்புகளில் எத்தனை செல்வம் கிடக்கிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

தண்டவாளமே வழிகாட்டி

விமானம் பிறந்த காலத்தில் விமானிகள் ரயில் பாதையைப் பார்த்தே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அதையே நானும் செய்து பார்த்தேன். திண்டிவனத்தில் தொடங்கித் தெற்கே தண்டவாளத்தை இடப்புறம் வைத்துக்கொண்டு 300 மீட்டர் உயரத்தில் பறப்பது. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று எண்ணிக்கொண்டே விழுப்புரம் சேர்வது. நாள்தோறும் பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு நான் வரும் அதே வழி! ஆனால் மேலிருந்து பார்க்கும்போதுதான் அது எப்படி வளைகிறது, சாலை எங்கே அதை நெருங்குகிறது, எங்கே விலகுகிறது என்பதெல்லாம் விளங்கிற்று.

ஒரு நாள் இரவு அப்பா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். பல ஆண்டுகள் விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கியவர். இப்போது திண்டிவனத்தில் மண்டியில் வேலை செய்கிறார். கணினியின் பக்கமே வராதவர், திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “இது நம்ம ஜங்ஷன்தானேடா?” என்றார். திரையில் ஊர்ப்பெயர் ஏதும் இல்லை. வெறும் கோடுகள்தாம். “இது பாண்டி லைன். அது திருவண்ணாமலை போய் காட்பாடிக்குப் போவுது. கடலூர் லைன் இப்படி. விருத்தாசலம் வழியா திருச்சி போறது அப்படி” என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். சென்னைப் பாதையோடு சேர்த்து ஐந்து கிளைகள். எந்த லைனில் எந்தச் சரக்கு வரும் என்பதையும் சொன்னார். நிலப்படத்தை நான் பாடமாகப் படித்தேன்; அவர் முதுகால் படித்திருந்தார்.

காற்றும் கணக்கும்

அடுத்து நான் முயன்றது, வழிகாட்டும் கருவிகளை எல்லாம் மூடிவிட்டு, திசைகாட்டி, கடிகாரம் இவற்றை மட்டும் கொண்டு பறப்பது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி இலாசுப்பேட்டை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 35 கி.மீ. திசை அநேகமாக நேர்கிழக்கு. செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கை விமானத்தை மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் நிறுத்தினால், 14 நிமிடத்தில் ஓடுபாதை கண்ணில் பட வேண்டும்.

இதில் காற்று வந்து புகுந்தால் என்னாகும் என்று பார்க்க விரும்பினேன். தெற்கிலிருந்து மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் காற்று வீசுமாறு சிமுலேட்டரில் அமைத்தேன். முதன்முறை வேண்டுமென்றே எந்தத் திருத்தமும் செய்யாமல் கிழக்கு நோக்கியே போனேன். 14 நிமிடம் கழித்துக் கீழே ஓடுபாதை இல்லை. அது கிட்டத்தட்ட 6 கி.மீ. தெற்கே கிடந்தது. நான் இருந்ததோ ஆரோவில்லுக்கும் அப்பால்! அடுத்த முறை, முதலாண்டில் வெக்டர் பாடத்தில் போட்ட அதே முக்கோணத்தை நோட்டில் போட்டேன். 25-ஐ 150-ஆல் வகுத்து, அதற்குரிய சைன் கோணத்தைக் கண்டால் ஏறத்தாழ 10 பாகை வருகிறது. விமானத்தின் மூக்கை 10 பாகை தெற்கே திருப்பி வைத்துப் பறந்தேன். மூக்கு ஒரு பக்கம், போவது ஒரு பக்கம். நண்டு நடப்பது போலத்தான் இருந்தது. ஆனால் 14-ஆம் நிமிடம் முடிந்தபோது ஓடுபாதை எதிரே விரிந்து கிடந்தது.

தேர்வில் அந்தக் கணக்குக்கு ஐந்து மதிப்பெண். அந்த இரவில் அது எனக்கு ஓர் ஊரையே கொண்டுவந்து தந்தது.

இயந்திரத்தை அணைத்தால்

பெரும்பாலோர் தொடாத இன்னொன்று கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாத விமானம். எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப் போல விழும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். விழாது, சறுக்கி வரும். உயரத்தில் ஒரு மீட்டர் இழந்தால் முன்னே எத்தனை மீட்டர் போகும் என்பதே கணக்கு. செஸ்னா 172 ஏறத்தாழ 9 மீட்டர் போகும். ஏ.எஸ்.கே. 21 என்னும் ஜெர்மானியப் பயிற்சிக் கிளைடர் 34 மீட்டர் போகும்.

நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். திண்டிவனத்துக்கு மேலே 900 மீட்டர் உயரத்தில், காற்றில்லாத வேளையில், செஞ்சி நோக்கிச் சறுக்குவதாகக் கொள்வோம். செஸ்னா 8 கி.மீ.யில் ஏதேனும் ஒரு கழனியில் இறங்கியாக வேண்டும். கிளைடரோ 26 கி.மீ. கடந்து செஞ்சி மலைகளை அடையும்போதும் 130 மீட்டருக்கு மேல் உயரம் மிச்சமிருக்கும். ஆனால் இராஜகிரி மலை ஏறத்தாழ 240 மீட்டர் உயரம். ஆகவே மலையுச்சி நமக்கு மேலே நிற்கும்! என் திரையில் கோட்டை இல்லை. மலை மட்டும் ஒரு மேடாகத் தெரிகிறது. இருந்தாலும் அதன் நிழலில் திரும்பும்போது மயிர்க்கூச்செறிகிறது. வெயிலில் சுட்ட பாறைகளுக்கு மேலே பருந்துகள் சிறகசைக்காமல் வட்டமிட்டு ஏறுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? சூடான காற்று மேலெழும் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி உயரம் சேர்ப்பதுதான் கிளைடர் ஓட்டுவதன் இரகசியம். பருந்துக்குத் தெரிந்த இயற்பியல் அது.

இது வெறும் பொழுதுபோக்குக்கான திறமை என்று எண்ணிவிட வேண்டாம். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானம், 12,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றுபோயிற்று. காரணம் என்ன தெரியுமா? அலகுக் குழப்பம்! ஒரு லிட்டர் எரிபொருளின் எடையைக் கிலோகிராமில் 0.8 என்று கொள்ள வேண்டிய இடத்தில், பவுண்டுக்குரிய 1.77 என்ற எண்ணைப் போட்டுவிட்டார்கள். தேவையானதில் பாதிகூட நிரப்பப்படவில்லை. விமானத்தில் இருந்தவர்கள் 69 பேர். கேப்டன் இராபர்ட் பியர்சன் ஓய்வு நேரத்தில் கிளைடர் ஓட்டிப் பழகியவர். துணை விமானி மாரிஸ் கின்டால், கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட பழைய விமானப்படைத் தளத்தில் முன்பு பணியாற்றியவர். அந்த ஓடுபாதையை இவர் நினைவுகூர, அவர் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்துச் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைத்து இறக்கினார். ஒருவரும் உயிரிழக்கவில்லை. எவரும் பொருட்படுத்தாத ஒரு பழக்கமும், எவரும் பொருட்படுத்தாத ஓர் ஓடுபாதையும் 69 உயிர்களைக் காத்தன.

நம் பக்கத்திலும் அப்படி ஒன்று உண்டு. உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று கிடக்கிறது. பஸ்ஸில் போகும் நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

முன்னோர் போன வழி

வரலாற்றைப் படிப்பது ஒன்று; அதன் மேலேயே பறந்து பார்ப்பது வேறொன்று. 1910-இல் சென்னையில் ஓட்டல் நடத்திவந்த டி ஏஞ்செலிஸ் என்பவர் தாமே விமானம் செய்து பல்லாவரத்தில் பறந்து காட்டினார். 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி அலகாபாத்திலிருந்து யமுனையைக் கடந்து நைனிக்கு ஏறத்தாழ 6,500 கடிதங்களைக் கொண்டு சென்றார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அதை அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். ஒற்றை எஞ்சின், ரேடியோ வழிகாட்டி இல்லை.

அந்தப் பெல்லாரி–சென்னை வழியை ஒரு சனிக்கிழமை இரவு, படத்தையும் கடிகாரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு பறந்து பார்த்தேன். மலைகள் முடிந்து சமவெளி வரும்வரை, ஒவ்வோர் ஆற்றையும் இது எது, இது எது என்று தேடிக்கொண்டே வந்தேன். ஒரு தபால் மூட்டைக்குப் பின்னால் எவ்வளவு கவலை இருந்திருக்கும் என்பது அன்று புரிந்தது.

இதனால் என்ன பயன்?

“இதனால வேலை கிடைக்குமாடா?” என்று அப்பா ஒருமுறை கேட்டார். கிடைக்காது என்றேன். விமானி ஆக வேண்டுமானால் பயிற்சிக்கே பல பத்து இலட்ச ரூபாய் வேண்டும். எங்கள் வீட்டில் அந்தத் தொகையைப் பற்றிப் பேசுவதுகூட வேடிக்கையாக இருக்கும். அவர் கேட்டதில் குற்றமில்லை. அடுத்த ஆண்டு படிப்பு முடிந்ததும் நான் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போனால் மூட்டையைக் கீழே வைக்கலாம் என்று அவர் எண்ணுகிறார். எனக்கோ எம்.எஸ்சி. படிக்க ஆசை. இருவர் எண்ணமும் ஒரே வீட்டில், ஒரே விளக்கின் கீழ்தான் இருக்கின்றன.

ஆயினும் எனக்கு ஒரு பயன் கிடைத்தது. முன்னே சென்று திரும்பியவர் ஒருவரும் இல்லாத வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்தவன் நான். எந்த விண்ணப்பத்தை எப்போது போடுவது, எந்தத் தேர்வை எழுதுவது என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. நம் வகுப்புகளில் பலர் நிலையும் இதுவே. ஆட்டோபைலட் போட்டுத்தர ஒருவரும் இல்லாதவன் என்ன செய்ய வேண்டும்? புறப்பட்ட இடத்தை நன்றாக அறிய வேண்டும். திசையை முடிவு செய்ய வேண்டும். எதிர்க்காற்றையும் குறுக்குக்காற்றையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும். வழியில் அடையாளங்களைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டே போக வேண்டும். இதைத்தான் மெதுவாகப் பறந்து பழகினேன். எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வின் தேதிகளையும், உதவித்தொகை விவரங்களையும், படித்துக்கொண்டே மாலையில் பார்க்கக்கூடிய வேலைகளையும் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “பாப்போம்” என்றார். மறுக்கவில்லை.

நண்பர்களே! வேகமாகவும் உயரமாகவும் போவது ஒன்றே பறப்பதாகாது. நம் ஊரின் மேலேயே இன்னும் பறந்து முடியாத வானம் இருக்கிறது. கழுவேலி ஏரியின் மேல் பறவைகளோடு தாழப் பறக்கலாம். வீடூர் அணையிலிருந்து சங்கராபரணி ஆற்றைப் பிடித்துக்கொண்டு கடல்வரை போகலாம். விருப்பமுள்ளோர் மடிக்கணினியுடன் வாருங்கள். மென்பொருளுக்குக் காசில்லை, கற்றுத்தர எனக்கும் கூலி வேண்டாம். முதல் பாடம் திண்டிவனம்–விழுப்புரம். தண்டவாளத்தை இடப்புறம் வைத்துக்கொண்டால் போதும்.