ஓரியூர்ச் செம்மண்

தேவகோட்டையை விட்டுத் திருவாடானை வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் பாதையில், நிழல் வேண்டுமென்றால் பனைமரத்தடியில்தான் தேட வேண்டும். நாம் சென்றது மாசி மாதம். கண்மாய்களில் நீர் அடிமட்டத்தில் கிடந்தது. அறுத்த வயல்களில் ஆடுகள் மேய்ந்தன. மற்ற இடத்தையெல்லாம் சீமைக் கருவேல் வளைத்துக்கொண்டிருந்தது. இந்த வறண்ட மறவர் சீமைக்கு லிஸ்பன் நகரத்து அரண்மனையில் வளர்ந்த ஒருவர் வந்தார். உயிர் தப்பிச் சென்ற பிறகு மறுபடியும் வந்தார். அந்த இரண்டாம் வருகையின் காரணம் யாதென்று எண்ணியவாறே ஓரியூரில் பஸ்ஸை விட்டு இறங்கினோம்.

பாம்பாற்றங்கரையிலுள்ள இச்சிற்றூரில் நம் கண்ணை முதலில் இழுத்தது கோயிலன்று, மண். சுற்றிலும் வெளுத்த நிலமாயிருக்க, அவ்விடத்தில் மட்டும் மணல் செக்கச் சிவந்து கிடக்கிறது. அருளானந்தரின் இரத்தம் படிந்து சிவந்த மண் அது என்பது ஜனங்களின் நம்பிக்கை. பாண்டி நாட்டுக் கடலோரத்துக்குச் செம்மணல் புதிதன்றே என்று நம்முள் இருந்த தர்க்கவாதி முணுமுணுத்தான். ஒரு மூதாட்டி குனிந்து, ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.

"எதற்குப் பாட்டி?" என்றோம்.

"சாமி மண்ணு ஐயா. பேத்திக்குப் பிள்ளை இல்லை, அவளுக்குக் கொண்டுபோறேன்" என்றாள். நெற்றியில் திருநீறு துலங்கிற்று. தர்க்கவாதி வாய் மூடினான்.

ஜான் டி பிரிட்டோ 1647-ஆம் வருஷம் மார்ச் முதல் தேதி லிஸ்பனில் பிறந்தார். பிரபு குலம். பிற்காலத்தில் இரண்டாம் பேத்ரு என்ற பெயருடன் போர்த்துகலை ஆண்ட இளவரசருக்குத் தோழராக அரண்மனையிலேயே வளர்ந்தார். சிறுவயதில் கடும் நோய் கண்டபோது, பிழைத்தால் ஓராண்டு சேசு சபைத் துறவிகளின் அங்கியை மகனுக்கு அணிவிப்பதாகத் தாயார் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது, அங்கியும் அணிந்தது. ஓராண்டு வேண்டுதல் ஆயுள் முழுவதற்கும் ஆகிவிடுமென்று அந்த அம்மாள் எதிர்பார்த்திருக்க மாட்டார். 1662-இல் மகன் மெய்யாகவே அச்சபையில் சேர்ந்துவிட்டார். 1673-இல் கப்பலேறிக் கோவா வந்து, மறு வருஷம் மதுரை மிஷனை அடைந்தார்.

தத்துவ போதகர் என நாம் அறிந்த ராபர்ட் டி நோபிலி 1606-இல் மதுரைக்கு வந்து, பிராமண ஸந்நியாஸியைப் போல் வாழ்ந்து காட்டியிருந்தார். ஆனால் அந்தக் கோலத்தில் இருப்பவர் ஏனைய ஜாதியாரோடு தாராளமாகப் பழக முடியாது. ஆகவே பிரிட்டோ பண்டார சுவாமியின் காவியைத் தரித்தார். மாமிசத்தை விலக்கினார்; தமிழ் கற்றார்; அருளானந்தர் ஆனார். ஜாதிக்கு ஒரு வேஷம் என்ற இந்த ஏற்பாட்டை இன்று நாம் மெச்சுவதற்கில்லை. எனினும், போர்த்துகீசியரின் பீரங்கிகள் கோவாவில் இருந்தன; இவரோ அவற்றின் நிழலை விட்டு வெகுதூரம் வந்து, நம் ஊர்க்காட்டுப் பாதைகளில் கால்நடையாய்த் திரிந்தார். அந்த வித்தியாசம் சிறிதன்று.

1686-இல் மறவர் சீமையில் பிடிபட்டார். மரத்தில் தொங்கவிட்டும் நீரில் அமிழ்த்தியும் அவரையும் உபதேசியார்களையும் வதைத்தனர். பின்பு இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதியே அவரை நேரில் விசாரித்து, இச்சீமையில் இனிப் போதிக்கலாகாது என்று உத்தரவிட்டு விடுதலை செய்தார்.

சபையின் காரியமாக ஐரோப்பா சென்றபோது, பழைய தோழர் போர்த்துகல் சிங்காசனத்தில் இருந்தார். அரசர் அவரைத் தம் அருகிலேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார், பிரிட்டோ இணங்கவில்லை. 1690-இல் மீண்டும் இந்தியாவில் இறங்கி, மறு வருஷம் தடை செய்யப்பட்ட அதே மறவர் சீமையில் நுழைந்தார். உத்தரவை மீறினார் என்பதில் ஐயமில்லை. அவரை நம்பி வதைபட்ட ஜனங்கள் அங்கிருந்தார்கள் என்பதிலும் ஐயமில்லை. லிஸ்பன் மாளிகையில் அவருக்கு உறக்கம் பிடிக்காமற் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டுமா?

இனி வருவது நம் மனத்தை உறுத்தும் பகுதி. சேதுபதி பட்டத்துக்கு உரிமை கொண்டாடக்கூடிய குலத்தைச் சேர்ந்த தடியத் தேவர் நோய் நீங்கி, ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர் ஒப்புக்கொண்டு, 1693-ஆம் வருஷம் ஜனவரி 6-ஆம் தேதி கிறிஸ்தவரானார். விலக்கப்பட்டவர்களுள் இளையவள் சேதுபதியின் நெருங்கிய உறவுப் பெண். அவள் அழுதுகொண்டு அரண்மனைக்கு ஓடினாள். சரித்திரக்காரர் பலர் அவளை வஞ்சகியாகவே எழுதிவைத்தனர். நாம் அவ்வாறு எழுத மாட்டோம். தான் செய்யாத குற்றத்துக்கு ஒரே நாளில் வாழ்விழந்த பெண் வேறு எங்கே முறையிடுவாள்? குருவின் விரதமும் மெய். அவள் கண்ணீரும் மெய். சேதுபதிக்கோ, உறவுப் பெண்ணின் மானத்தோடு பட்டத்தைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது.

ஜனவரி 8-ஆம் தேதி பிரிட்டோ கைதானார். இராமநாதபுரத்தில் பகிரங்கமாகக் கொல்ல அஞ்சி, தம்பி உடையத் தேவரின் ஆட்சியிலிருந்த ஓரியூருக்கு அவரை அனுப்பினார் சேதுபதி. சிறையில் மையுமில்லை, இறகுமில்லை. கரியை நீரில் குழைத்துத் துரும்பால் தொட்டுத் தொட்டுத் தம் சபையாருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள், பிப்ரவரி 4, ஆற்றங்கரையில் அவர் தலை துணிக்கப்பட்டது. கை கால்களையும் வெட்டி, உடலைக் கம்பத்தில் கட்டினர்.

செய்தி லிஸ்பனை எட்டியபோது, அவர் தாயார் துக்க உடையில் அன்று, விழா உடையில் அரசவைக்கு வந்தார் என்பர். அங்கி நேர்ந்துகொண்ட அதே அம்மாள்தான்.

ரோமாபுரி 1853-இல் அவரை முத்திப்பேறு பெற்றவர் என்றும், 1947-ஆம் வருஷம் ஜூன் 22-ஆம் தேதி அர்ச்சியசிஷ்டர் என்றும் பிரகடனம் செய்தது. நம் தேசம் விடுதலை பெற அப்பொழுது இரண்டு மாதங்கூட இல்லை.

வெயில் தாழ்ந்து திரும்பும் பஸ் வந்தது. மூதாட்டி நமக்கு முன் ஸீட்டில், முடிச்சை மடியில் வைத்து இரு கைகளாலும் பொத்தியபடி அமர்ந்திருந்தாள். திருவாடானையில் வண்டி குலுங்கி நின்றபோது, முடிச்சு அவிழ்ந்துவிட்டதோ என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.