நாலு தந்தி, நாலு ஸ்க்ரூ

மேடையில் டிரம்ஸ்காரருக்குப் பக்கத்தில், பெரும்பாலும் வெளிச்சம் சரியாக விழாத இடத்தில் ஒருவர் அமைதியாக நின்று வாசித்துக்கொண்டிருப்பார். அவர் கையில் இருப்பதும் கிட்டார் மாதிரிதான் இருக்கும். ஆனால் தந்தி ஆறு இல்லை, நான்கு. அதுதான் பேஸ் கிட்டார். பாட்டு ஓடும்போது அது தனியாகக் காதில் விழாது, எடுத்துவிட்டால் மட்டும் வீட்டில் பாதி சாமானைக் காலி செய்த மாதிரி இருக்கும். இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்த வாத்தியத்தை வாசிப்பவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். வாங்கி, கழற்றி, மாற்றி, மறுபடி பூட்டி, பிறகு இன்னொன்று வாங்கி, சுவரெல்லாம் மாட்டி வைக்கும் ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. அதிலும் இரண்டு ஜாதி. பேஸ் கண்ணில் பட்டாலே ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிறவர்கள் ஒரு ஜாதி. "1963-ல் பூட்டிய ஸ்க்ரூவை யார் திருப்பினது?" என்று கோபப்படுகிறவர்கள் இன்னொரு ஜாதி. கொடுமை என்னவென்றால், பல சமயம் இந்த இரண்டு பேரும் ஒரே ஆளுக்குள்ளேயே குடியிருப்பார்கள்!

இதற்கெல்லாம் காரணம் லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர். கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அதுவரை பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான். பஸ்ஸில் ஏற்ற முடியாது, டிரம்ஸ் சத்தத்தில் கேட்கவும் கேட்காது. 1951-ல் ஃபெண்டர் அதைக் கிட்டார் மாதிரி தோளில் மாட்டிக்கொள்ளும்படி செய்தார். வீணையில் மெட்டுகள் இருப்பது போல இதற்கும் ஃபிரெட் என்ற உலோகக் கட்டைகளை வரிசையாகப் பதித்தார். விரலை எங்கே வைத்தாலும் சுருதி துல்லியமாக நிற்கும். அதனால்தான் அதற்கு 'பிரெசிஷன் பேஸ்' என்று பெயர் வைத்தார். (இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது.)

ரேடியோ மெக்கானிக் புத்தி எப்படி வேலை செய்யும்? கெட்டுப்போனதைக் கழற்று, வேறு ஒன்றைப் போடு. ஃபெண்டர் வாத்தியத்தையும் அப்படியே செய்தார். வயலினில் நெக்கைக் கழற்ற வேண்டுமென்றால் தேர்ந்த ஆசாரி வேண்டும். ஃபெண்டரின் பேஸில் நெக் உடலோடு வெறும் நான்கு ஸ்க்ரூவில் நிற்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் பத்து நிமிஷத்தில் கழற்றிவிடலாம். தொழிற்சாலையில் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. உலகத்துக்கே ஒரு பொழுதுபோக்கைக் கொடுத்துவிட்டது.

சரி, என்னதான் மாற்றுவார்கள்? எல்லோரும் தந்தியில் ஆரம்பிப்பார்கள். அடுத்தது பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள். 1960-ல் வந்த 'ஜாஸ் பேஸ்' மாடலில் இரண்டு பிக்கப் உண்டு. இரண்டையும் ஒரே அளவு திறந்து வைத்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அழித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் போச்சு, ட்யூப்லைட் சோக் மாதிரி 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் கிளம்பும். இரைச்சலைக் கொஞ்சமாவது குறைக்க உள்ளே குழி முழுக்கச் செம்புத் தகடு ஒட்டுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி, விரல் நுனியெல்லாம் கீறல். ஆனால் அந்த வேலை முடிந்து முதல் தடவை ஆம்ப்ளிஃபையரைப் போட்டு, இரைச்சல் குறைந்திருப்பதைக் கேட்கிற சந்தோஷம் இருக்கிறதே... அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு 250 கே வால்யூம் கன்ட்ரோல், 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டே போகும். பத்து ரூபாய் கெபாசிட்டருக்கும் ஆயிரம் ரூபாய் கெபாசிட்டருக்கும் சத்தத்தில் வித்தியாசம் உண்டா என்று பேஸ்காரர்கள் விடிய விடியச் சண்டை போடுவார்கள். அளவு ஒன்றாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்வது கஷ்டம். வாங்கியவரிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள், பாவம்.

உண்மையிலேயே பெரிய வித்தியாசம் தருவது உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப். ஃபெண்டரே பிற்காலத்தில் மியூசிக் மேன் கம்பெனியில் இருந்துகொண்டு 1976-ல் 'ஸ்டிங்ரே' என்ற பேஸை அப்படித்தான் கொண்டுவந்தார். மார்கஸ் மில்லர் தன் 1977 ஜாஸ் பேஸை நியூயார்க்கில் ரோஜர் சடோவ்ஸ்கியிடம் கொடுத்து ப்ரீஆம்ப் வைத்துக்கொண்டார். அந்தக் கணீர் சத்தத்துக்காகவே இன்றைக்கும் பலர் தங்கள் ஜாஸ் பேஸின் வயிற்றைக் கிழிக்கிறார்கள். பேட்டரி பாட்டு நடுவில் தீர்ந்துபோவது தனிக் கதை.

இந்த ஜாதிக்குத் தலைவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசில்தான். 1967-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஐந்து பிரெசிஷன் பேஸ்களின் உருப்படியான பாகங்களைச் சேர்த்து ஒரே பேஸாக ஆக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஃபிராங்கன்ஸ்டைன்'! தேவைப்பட்டது ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு சால்டரிங் அயர்ன். பல வருஷம் அதைத்தான் வாசித்தார். இங்கிலாந்தில் அவருடைய பெரிய பங்களா முழுக்கக் கிட்டார்களும் பேஸ்களும்தான். மாற்றுகிறவர், சேர்க்கிறவர் இரண்டும் அவரே. 2002 ஜூனில் அவர் இறந்தார். அடுத்த வருஷமே லண்டனில் சோதபீஸ் ஏலத்தில் அவருடைய சேகரிப்பு ஒவ்வொன்றாக விலை போனது. முப்பது நாற்பது வருஷம் சேர்த்தது பிரிந்துபோக ஏலக்காரருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

இப்போது அந்தப் பக்கத்து ஜாதி. 1965 ஜனவரியில் ஃபெண்டர் தன் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு விற்றார். அதற்கு முன்னால் செய்ததெல்லாம் தங்கம், பின்னால் வந்தது பித்தளை என்பது சேகரிப்பவர்களின் நம்பிக்கை. (1966-ல் செய்த அருமையான பேஸ்களும் உண்டு, நம்பிக்கை வேறு விஷயம்.) இவர்கள் பேஸ் வாங்கும்போது வாசித்துப் பார்ப்பதற்கு முன்னால் பிரித்துப் பார்ப்பார்கள். நெக்கைக் கழற்றினால் அதன் அடிப்பாகத்தில் தேதி இருக்கும். வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் எண் இருக்கும். 1377412 என்றால், 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 74 வருஷம், 12 வாரம். ஈயம் பற்றவைத்த இடம் பளபளவென்று இருந்தால் முகம் சுருங்கிவிடும், யாரோ கை வைத்திருக்கிறார்கள்! மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் விலை ஏறக்குறைய பாதி. சத்தம் அப்படியே இருந்தாலும் சரி, பாதிதான்.

மேலோட்டமாகப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் யாரும் தொடாத ஒரு 1962 பேஸ்தான், அந்தக் காலத்தில் அது எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி. ஒரு தடவை துளை போட்டுவிட்டால் அந்தச் சாட்சி போய்விட்டது. கனடாவின் 'ரஷ்' குழுவில் பாடி வாசித்த கெடி லீ, தான் சேர்த்த இருநூறுக்கும் மேற்பட்ட பேஸ்களை வைத்து 2018-ல் தலையணை சைஸில் ஒரு புத்தகமே போட்டார். அதே கெடி லீ இளவயதில் தன் பிரெசிஷன் பேஸின் உடலை நீர்த்துளி வடிவத்துக்கு வெட்டியவர்தான்!

இனிமேல்தான் ஜாகோ பாஸ்டோரியஸ். ஃபுளோரிடாவில் வளர்ந்த பையன். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் கையில் ஒரு 1962 ஜாஸ் பேஸ் இருந்தது. அதன் ஃபிரெட்டுகள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். தானே கத்தியால் பிடுங்கியதாக ஜாகோ சொல்லியிருக்கிறார், வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று இன்னொரு சமயமும் சொல்லியிருக்கிறார். எப்படியோ, பிடுங்கிய பள்ளங்களில் பட்டி வைத்து அடைத்து, மேலே படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசினார்கள். கம்பி சுற்றிய தந்தி, மரத்தை அரம் மாதிரி அராவிவிடும். எபாக்ஸி அதைத் தடுத்தது, கூடவே சத்தத்துக்கும் ஒரு பாடுகிற குரலைக் கொடுத்தது.

வேடிக்கை இதுதான். சுருதி துல்லியமாக இருக்க வேண்டும் என்றுதானே எலக்ட்ரிக் பேஸில் ஃபிரெட் வந்தது? அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் பேஸ் உலகத்தையே ஒருவர் திருப்பிப்போட்டார். ('ரோலிங் ஸ்டோன்ஸ்' பில் வைமன் 1961-லேயே ஒரு மலிவு பேஸில் ஃபிரெட்டை எடுத்துவிட்டார், ஆனால் அதை யாரும் அப்போது பெரிதாகக் கவனிக்கவில்லை.) வீணையும் கோட்டுவாத்தியமும் நமக்குத் தெரியும். மெட்டு இல்லாத கோட்டுவாத்தியத்தில் கமகம் வழுக்கிக்கொண்டு போகும், கொஞ்சம் பிசகினால் அபஸ்வரம். ஜாகோ ஏறியது அந்தக் கயிற்றின் மேல்தான். 1976-ல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள், பிசகவே இல்லை.

இன்றைக்கு ஒருவர் தொடாத 1962 ஜாஸ் பேஸைக் கொண்டுவந்து ஃபிரெட்டைப் பிடுங்கப் போகிறேன் என்றால் கடைக்காரர் மயங்கி விழுவார். ஆனால் ஜாகோ கையில் இருந்தபோது அது பத்து வருஷப் பழைய செகண்ட் ஹேண்ட் சாமான், அவ்வளவுதான். பிரபலமான மாற்றங்கள் எல்லாம் இப்படி விலை இல்லாத காலத்தில் செய்தவை. ஆகவே கை அரிக்கிறவர்கள் பழசை விட்டுவிட்டு, மலிவான ஸ்குவயரோ அடிபட்ட செகண்ட் ஹேண்டோ வாங்கி வெட்டுங்கள், ஒட்டுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. பழசில் கை வைத்தே தீர வேண்டுமென்றால் துளை போடாமல் செய்யுங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும், துருப்பிடித்த ஸ்க்ரூ உட்பட, ஒரு கவரில் போட்டு வாத்தியத்தின் பெட்டியிலேயே வையுங்கள்.

சேகரிப்பவர்கள் வடு என்று வெறுக்கிற இந்த மாற்றங்களுக்கு இன்னொரு உபயோகமும் இருக்கிறது, வாத்தியம் தொலைந்துபோனால்தான் அது தெரியும். பழைய ஃபெண்டரில் சீரியல் நம்பர் எங்கே இருக்கிறது தெரியுமா? பின்னால், நெக்கைப் பிடித்திருக்கும் உலோகத் தகட்டில். அதே நாலு ஸ்க்ரூ! இரண்டு நிமிஷத்தில் தகட்டை மாற்றிவிட்டால் நம்பரும் மாறிவிடும். ஒரு கை செய்த ரிப்பேரை அப்படி மாற்ற முடியாது.

பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்கில் ஏறக்குறைய 30 பவுண்டுக்கு வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. ஊர் அறியத் தேட ஆரம்பித்து, கடைசியில் ஒரு வீட்டின் பரணில் கிடைத்து, அவரிடம் திரும்பிவிட்டது என்று 2024 பிப்ரவரியில் செய்தி வந்தது. 1964-ல் அதற்கு வேறு பெயின்ட் அடித்து, பிக்கப்புகளை மரச்சட்டத்தில் பொருத்தியிருந்தார்கள். கடையிலிருந்து வந்தபடியே இருந்திருந்தால் அந்த வருஷத்து இன்னொரு ஹாஃப்னரிலிருந்து அதைப் பிரித்துச் சொல்வது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

ஜாகோவின் கதை இவ்வளவு சுகமாக முடியவில்லை. மனநோய், குடி, வீடில்லாமல் தெருவில் படுப்பது என்று ஆகிவிட்ட 1986-ல், நியூயார்க் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் அந்த பேஸ் திருடு போனது. அதற்கு முன்பே அது துண்டு துண்டாக உடைந்து, ஃபுளோரிடாவில் ஒட்டிச் சீர் செய்யப்பட்டிருந்தது. அடுத்த வருஷம் செப்டம்பரில், ஒரு கிளப் வாசலில் அடிபட்டு, 35 வயதில் ஜாகோ இறந்துபோனார். இருபது வருஷம் கழித்து நியூயார்க்கில் ஒரு கடைக்கு ஒரு பேஸ் வந்தது. பட்டி வைத்த ஃபிரெட் தடங்கள், எபாக்ஸி, உடைந்து ஒட்டிய உடல். இத்தனையும் சேர்ந்து இன்னொன்று இருக்க வாய்ப்பே இல்லை. கடைக்கும் குடும்பத்துக்கும் வழக்கு நடந்தது. 2010-ல் 'மெட்டாலிகா'வின் ராபர்ட் ட்ருஹீயோ பணம் கொடுத்து அதை மீட்டார், குடும்பம் எப்போது கேட்டாலும் அதே விலைக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு.

இன்னொரு 1962 பேஸும் இருக்கிறது. டெட்ராய்ட்டின் மோடவுன் கம்பெனி பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பிரெசிஷன் பேஸ். அவர் பெரிதாக ஒன்றும் மாற்றவில்லை. தந்தியைக்கூட மாற்ற மாட்டார், அழுக்கில்தான் சத்தம் இருக்கிறது என்பது அவர் கட்சி. பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச், அவ்வளவுதான். 1983-ல் அவர் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அதுவும் திருடு போனது. இதுவரை கிடைத்ததாகத் தகவல் இல்லை. சன்பர்ஸ்ட் நிறத்தில் 1962 பிரெசிஷன் பேஸ்கள் எத்தனையோ இருக்கின்றன, பார்த்த மாத்திரத்தில் எல்லாம் ஒன்றுதான். ஜேமர்சன் செய்த ஒரே கைவேலை, நெக்கின் அடியில் 'ஃபங்க்' என்று செதுக்கி வைத்ததுதான்.