அப்பாவின் சீமைப் பிரயாணம்

சீமைக்குப் போகிறவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். படிப்பு, உத்தியோகம், வைத்தியம், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, அல்லது கையில் பணம் கொஞ்சம் கூடுதலாகப் புரளுவது. என் அப்பா சீமைக்குப் போக ஆசைப்பட்டது ஒரு கல்லறையைப் பார்ப்பதற்காக.

இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் சிரிக்க மாட்டார்கள். தேனியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், இறங்குகிற புதுப் பேருந்து நிலையத்துக்கே கர்னல் ஜான் பென்னிகுக் என்றுதான் பெயர். டீக்கடைச் சுவரில் முருகனுக்குப் பக்கத்தில் மீசையும் கோட்டுமாக அவர் இருப்பார். பாலார்பட்டியில் ஆண்டுதோறும் ஜனவரி 15-ஆம் தேதி, அவர் பிறந்த நாளில், அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013-ல் சர்க்கார் மணிமண்டபமே கட்டிவிட்டது. மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து 5,700 அடிச் சுரங்கம் போட்டு, தண்ணீரைக் கிழக்கே எங்கள் பக்கம் திருப்பிவிட்ட மனிதர். 1887-ல் தொடங்கிய வேலை 1895 அக்டோபரில் முடிந்தது. அந்தத் தண்ணீரில்தான் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரும் இரண்டு போகம் நெல் விளைகிறது. அதில் உத்தமபாளையம் வாய்க்கால் ஓரத்து இரண்டு ஏக்கர் எங்களுடையது.

பென்னிகுக் இங்கிலாந்தில் தம் சொத்தையெல்லாம் விற்று அணையைக் கட்டினார் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. ஆராய்ந்து பார்த்தவர்கள் அதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். எழுத்தாளன் என்ற ஹோதாவில் இதை ஒரு நாள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"சொத்தை விக்காட்டி என்னப்பா? கட்டுனாரா இல்லையா?" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

அவருடைய சமாதி லண்டனுக்கு வெளியே, கேம்பர்லியை அடுத்த ஃப்ரிம்லி என்ற ஊரில், செயின்ட் பீட்டர் தேவாலயத்துத் தோட்டத்தில் இருக்கிறது என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்த நாளிலிருந்து அப்பாவுக்கு அந்த எண்ணம் பிடித்துக்கொண்டது. அம்மா போன பிறகு அவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆகவே 2019-ஆம் வருஷக் கடைசியில், ஒரு நாவலுக்கு வந்த பணத்தையும் மனைவியின் சீட்டுப் பணத்தையும் சேர்த்து, எனக்கும் அவருக்குமாக இரண்டு டிக்கெட் வாங்கினேன். நாளைக் குறித்தது அப்பாதான். இரண்டாம் போகம் அறுத்து, வைக்கோல் போர் போட்டு முடித்த பிறகு கிளம்ப வேண்டும். ஜூன் 1-ஆம் தேதி தேக்கடியில் தண்ணீர் திறப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். இங்கிலாந்தின் வசந்தகாலம் பற்றியோ பூக்களைப் பற்றியோ அவர் விசாரிக்கவில்லை. 2020 மே மாதம் 4-ஆம் தேதி என்று முடிவாயிற்று.

பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். மார்ச் 23 முதல் வெளிநாட்டு விமானங்கள் நின்றன. இரண்டு நாள் கழித்து ஊரே நின்றது. எங்கள் டிக்கெட்டை விற்ற விமானக் கம்பெனி பணத்தைத் திருப்பித் தரவில்லை. பின்னால் ஒரு நாள் பிரயாணம் செய்துகொள்ளலாம் என்று ஒரு வவுச்சரை அனுப்பி வைத்தது. அதை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் என் டிக்கெட்டை நினைத்துப் புலம்ப எனக்கே வெட்கமாக இருந்தது. லண்டன் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. போக முடியவில்லை, சரி. கம்பத்திலிருந்து குமுளி இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். அங்கேயும் போக முடியவில்லை. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்று பாதையிலும் தடுப்புப் போட்டார்கள். விடிவதற்கு முன் தூக்குச் சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டியபின் திரும்புகிற பெண்கள் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெருவிலேயே நாலு குடும்பம். மலையில் காய் பழுத்து உதிர்ந்தது, கீழே அடுப்பு எரியவில்லை. ஈ-பாஸ் என்ற சொல்லை அவர்கள்தாம் எனக்கு முன்னால் கற்றுக்கொண்டார்கள்.

பொழுது போகாத அந்தச் சமயத்தில் அணை கட்டிய கதையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காட்டுக் காய்ச்சலும் காலராவும் வந்து கூலியாட்கள் கூட்டம் கூட்டமாக மலையிறங்கி ஓடியதையும், வருஷந்தோறும் சில மாதம் வேலையே நின்றுபோனதையும் கேட்டுவிட்டு அப்பா, "நின்னுச்சு, அப்புறம் நடந்துச்சுல்ல?" என்றார். அவர் நினைத்தது எங்கள் பிரயாணத்தை.

2021 மே மாதம் அப்பாவுக்கே வந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்களாம். அதைப் பற்றி இன்றுவரை அவர் பேசுவதில்லை. பிழைத்து வந்தார். ஆனால் வாய்க்கால் கரையில் முன்பு ஒரே மூச்சில் நடந்த தூரத்தை இப்போது மூன்று இடத்தில் நின்று நடந்தார்.

இதற்குள் இங்கிலாந்து நம் நாட்டைச் சிவப்புப் பட்டியலில் போட்டு, ஆகஸ்டில் மஞ்சளுக்கு மாற்றியது. ஊசி போட்டவர்கள் வரலாம் என்றார்கள். ஆனால் நம் ஊசிச் சான்றிதழில் முழுப் பிறந்த தேதி இல்லை, வயதுதான் இருக்கிறது என்று ஆட்சேபம் வந்தது. செப்டம்பரில் இது இரண்டு சர்க்கார்களுக்கு நடுவே பெரிய வழக்காகிவிட்டது. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய வழக்கு. அப்பாவின் ஆதாரில் 1945 என்று வருஷம் மட்டும்தான் இருந்தது. அணை திறந்து ஐம்பதாம் வருஷம் பிறந்தவன் என்று பாட்டி சொன்ன கணக்கு அது. பாஸ்போர்ட்டில் ஜூன் 1. அது பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதி. "அன்னைக்குத்தானே தண்ணி தொறக்கிறாக, இருக்கட்டும்" என்று அப்பா அதையே தம் உண்மையான பிறந்த நாளாக வைத்துக்கொண்டிருந்தார். நானும் என் மகளும் இரண்டு இரவு செல்போனோடு போராடி, அந்த வாத்தியாரின் கற்பனையைச் சான்றிதழில் ஏற்றினோம்.

ஏற்றிய பிறகுதான் அடுத்த சங்கதி தெரிந்தது. எனக்குப் போட்டது கோவிஷீல்டு. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று மாதம் கழித்துப் போனபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றைக்கு இருந்தது கோவாக்சின். அக்டோபர் 11 முதல் கோவிஷீல்டுக்காரன் இங்கிலாந்தில் தாராளமாக நடமாடலாம். கோவாக்சின்காரர் பத்து நாள் அடைபட்டுக் கிடக்க வேண்டும். ஒரே வீடு, ஒரே சோறு, இரண்டு ஊசி! "என் கையில ஏறுனது மட்டும் தண்ணியா?" என்று கேட்டார் அப்பா. நவம்பர் 22-ஆம் தேதி அதையும் ஏற்றுக்கொண்டார்கள். அதற்குள் குளிர் வந்துவிட்டது.

2022 மார்ச் 18-ல் இங்கிலாந்து மிச்சமிருந்த கட்டுப்பாடுகளையும் எடுத்தது. 27-ஆம் தேதி நம் நாட்டிலிருந்து வழக்கமான விமானங்கள் பறக்கத் தொடங்கின. நானும் வவுச்சரை எடுத்துத் தூசு தட்டினேன். செப்டம்பர் முடிய அதற்கு ஆயுள். டிக்கெட் விலை ஏறியிருந்ததால் மேலும் பணம் கட்டச் சொன்னார்கள். கட்டினேன்.

என் மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை. "மூச்சு வாங்குற மனுஷரைக் கூட்டிக்கிட்டுப் போறீங்களே, அங்கே எதாவது ஆச்சுன்னா?" என்றாள். அவள் கேட்டது நியாயம். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆண்பிள்ளைகளுக்கு உரிய முறையில் கோபித்துக்கொண்டேன்.

விசா விண்ணப்பத்தை வாசகர்கள் ஒரு தடவையாவது படித்துப் பார்க்க வேண்டும். நல்ல ஹாஸ்யம். தொழில் என்ற இடத்தில் எழுத்தாளர் என்று கம்பீரமாக எழுதிவிட்டேன். மாத வருமானம் என்ற இடத்துக்கு வந்ததும் அந்தக் கம்பீரம் போய்விட்டது. நாவல் எழுதுகிறவனுக்குச் சம்பளச் சீட்டு ஏது? எதற்காகப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு அப்பாவிடம் கேட்டேன்.

"சொந்தக்காரரைப் பார்க்கன்னு போடு" என்றார்.

சுற்றுலா என்று போட்டேன். உக்ரைன் யுத்தத்தில் அகதியானவர்களின் மனுக்களை முதலில் பார்ப்பதால் மற்றவர்களுக்குத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. பாஸ்போர்ட் வெகு நாள் திரும்பி வரவில்லை. விதைநெல்லை அடுத்தவன் வீட்டில் போட்டவர்போல அப்பா தவித்தார். மே போயிற்று, ஜூன் 1-ல் தண்ணீர் திறந்தாயிற்று, விசா அதற்குப் பிறகு வந்தது. நாற்றுப் பாவிவிட்டு எங்கேயும் போகிறதில்லை என்று அப்பா உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே செப்டம்பர் கடைசிக்கு ஒப்புக்கொண்டார். அறுவடையை முதல் முதலாக இன்னொருவர் பொறுப்பில் விடுவதற்கு அவர் இசைந்ததே, அந்தக் கல்லறை அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அத்தாட்சி.

இவ்வளவு ஏற்பாடும் செய்தவன் முதலில் செய்ய வேண்டிய காரியத்தைக் கடைசியில்தான் செய்தேன். மதுரையில் நெஞ்சு வைத்தியர் ஒருவரிடம் காட்டினேன். விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள்; ஆனாலும் அது தரையில் இருப்பதைப்போல ஆகாது, ஆறாயிரம் எட்டாயிரம் அடி மலைமேல் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்குச் சமானம் என்று விளக்கினார். வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கொடைக்கானல் 7,000 அடி. ஒத்திகை பார்த்துவிட்டால் என்ன?

அடுத்த வாரம் வாடகைக் காரில் வத்தலக்குண்டு வழியாக மலையேறினோம். அப்பா விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கருவி. வீட்டில் 95. டம்டம் பாறையில் நிறுத்திப் பார்த்தோம்: 92. கொடைக்கானல் ஏரிக்கரையில் பெஞ்சில் உட்கார்ந்து, வேர்க்கடலை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பார்த்தேன். 87. கருவி சரியில்லையென்று என் விரலில் மாட்டினேன். 95. மறுபடி அவர் விரலில். 86.

"எம்புட்டுப்பா?" என்றார்.

"தொண்ணூறு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கருவியைத் தாமே கழற்றி என் சட்டைப் பையில் போட்டார். இறங்கி வரும் வழியெல்லாம் பேசவில்லை.

வைத்தியர் ஒரேயடியாகப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. முன்கூட்டித் தெரிவித்தால் விமானத்தில் ஆக்ஸிஜனுக்கு ஏற்பாடு செய்யலாம், செலவு ஆகும் என்றார். நான் கடன் வாங்கவும் தயாராக இருந்தேன். அப்பாதான் முடிவு செய்தார்.

"மூக்குல குழாயை மாட்டிக்கிட்டு அவரு முன்னாடி போய் நிக்க மாட்டேன். நீ போயிட்டு வா."

அவருடைய டிக்கெட்டைப் பெயர் மாற்ற முடியாது என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பணம் போனது போனதுதான். அணையையாவது காட்டலாமென்றால், அது கேரளத்தின் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது; என்னையும் உங்களையும் போன்றவர்கள் தேக்கடியில் படகு போகிற வரை பார்க்கலாம், அணைக்குத் தனி அனுமதி வேண்டும். கட்டியவர் சமாதிக்கு விசா, கட்டிய அணைக்கு அனுமதி. எழுபத்தேழு வருஷம் அந்தத் தண்ணீரில் கால் வைத்து நின்ற மனிதர் இரண்டையும் பார்த்ததில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அப்பா ஒரு லிட்டர் பாட்டில் நிறைய எங்கள் மடையிலிருந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். முதலில் வயல் மண் ஒரு பிடி கொடுப்பதாகத்தான் எண்ணம். வெளிநாட்டு மண்ணை இங்கிலாந்துக்குள் விட மாட்டார்கள் என்று சொல்லித் தடுத்திருந்தேன். புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கலாக இருந்தது. ஜன்னலில் வைத்த இரண்டாம் நாள் தெளிந்து, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வண்டல் படிந்தது. மகள் வடிகட்டித் தருகிறேன் என்றாள்.

"வேண்டாம்த்தா. வண்டல்தான் அவரு குடுத்தது. தண்ணிக்குள்ள இருந்தா மண்ணுன்னு யாரு சொல்லப் போறா?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது. புறப்படுகிற அன்று இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, மேலே தெளிந்திருந்த தண்ணீரை மட்டும் வேறொரு பாட்டிலில் மெதுவாக இறுத்துக்கொண்டு அதைப் பெட்டியில் வைத்தேன். வண்டலைக் கொல்லையில் கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றினேன்.

அங்கே போனதும், சமாதியின் முன் நின்றதும், கேம்பர்லியில் அந்த மாதம்தான் திறந்திருந்த சிலையைப் பார்த்ததும் வேறு கட்டுரைக்கு ஆகும். திரும்பி வந்த அன்று அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அறுவடை முடிந்திருந்தது. பெட்டியை இறக்குவதற்கு முன்பே கேட்டார்:

"கல்லு மேல ஊத்துனியா, புல்லு மேலயா?"

"புல்லு மேலப்பா."

"வண்டலும் போச்சா?"

"போச்சு."

"அப்பச் சரி" என்று எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.