யார்க் நகரத்து வியாபாரி அம்மாள்

லண்டனிலிருந்து வடக்கே சுமார் இரண்டு மணி நேரம் ரயிலில் போனால் யார்க் நகரம் வந்துவிடும். இறங்கியதுமே உங்களுக்கு ஒரு குழப்பம் காத்திருக்கிறது. இந்த ஊர்த் தெருப் பெயர்களில் 'கேட்' என்று வந்தால் அது வாசல் அல்ல, தெரு! முன்னொரு காலத்தில் இங்கே குடியேறிய வைகிங்குகளின் பாஷை அது. கோட்டை வாசலுக்குப் பெயரோ 'பார்'. பயப்படாதீர்கள், உள்ளே நுழையலாம்!

உள்ளே 'ஷாம்பிள்ஸ்' என்று ஒரு சந்து. மாடிகள் இரு பக்கமும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கின்றன. எதிர்வீட்டு அம்மாளிடம் மாடி ஜன்னல் வழியாகவே ஒரு கிண்ணம் உப்புக் கைமாற்று வாங்கிவிடலாம் போலிருக்கிறது! அக்காலத்தில் இது கசாப்புக்காரர்கள் தெரு. இறைச்சியைப் பரப்பி வைத்த பலகைகளையும், தொங்கவிட்ட கொக்கிகளையும் சில வீட்டு வாசல்களில் இன்றும் காணலாம்.

இந்த ஊர் ஜனங்கள் கெட்டிக்காரர்கள். ஜான் ராஜாவுக்கு எப்போதும் பணமுடை. அவரிடமிருந்து 1212-இல் ஒரு சாஸனம் பெற்றார்கள். அரசருக்குச் சேரவேண்டிய வரியைத் தாங்களே வசூலித்துக் கட்டவும், தங்களுக்கென்று ஒரு மேயரை வைத்துக்கொள்ளவும் அதனால் உரிமை கிடைத்தது. 1396-இல் இரண்டாம் ரிச்சர்ட் ராஜா யார்க் நகரைத் தனி மாவட்டமாகவே ஆக்கிவிட்டார்.

சரி, பெண்கள் என்ன செய்தார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? சும்மா இருக்கவில்லை. அந்நாளில் பெரியவர் சிறியவர் எல்லாரும் குடித்த 'ஏல்' என்ற பானத்தைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே காய்ச்சி விற்றார்கள். விலையும் அளவும் சரியா என்று அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், தவறினால் அபராதம்! கணவன் இறந்தால் கடையை மூடிவிடாமல் மனைவியே எடுத்து நடத்துவதும் உண்டு.

அப்படிப்பட்டவர்தான் மேரியன் கென்ட் என்ற விதவை. 1474-இல் பெரு வணிகர் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலேயே அவர் இடம் பெற்றார்! 1357-இல் கட்டத் தொடங்கிய அந்தச் சங்கத்தின் மண்டபம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. மேலே வியாபாரிகள் கூடும் மரக்கூடம். கீழே ஏழை எளியவர்களுக்கு அடைக்கலம் தந்த தருமசாலை. பக்கத்திலேயே பிரார்த்தனைக்கு ஒரு சிறு கோயில்.

ஆனால் நகரசபை மட்டும் ஆண்களின் கோட்டையாகவே இருந்தது. வியாபாரம் செய்யலாம், வரி கட்டலாம், அபராதமும் கட்டலாம். மேயர் நாற்காலி மட்டும் கிடையாது. எட்னா ஆனி கிரைட்டன் என்ற அம்மையார் யார்க் நகரின் முதல் பெண் மேயரானது 1941-இல்தான். சாஸனம் கிடைத்து 729 வருஷங்களுக்குப் பிறகு!

யார்க் நகருக்குப் போனால் அந்த மண்டபத்தைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள். மேலே மரக்கூடத்தில் சற்று நின்று பாருங்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவே மேரியன் அம்மாள் உட்கார்ந்து சங்கக் காரியங்களை விசாரித்த காட்சி உங்கள் கண்முன் வராமல் போகாது.