வெள்ளைத் தென்னைகள்

உச்சி வெயிலில் புகைப்படக்காரர் எவரும் கமராவை வெளியே எடுப்பதில்லை. காலை ஒன்பது மணிக்குப் பின்னர் உறைக்குள் போனால், அது மீண்டும் வெளிவருவது மாலை நான்கு மணிக்குத்தான். கல்முனைக் கரையோரத்து நண்பகல் எல்லா நிறங்களையும் வெளிறச் செய்துவிடும் என்பது அவர்களது முறைப்பாடு. ஆனால் அகச்சிவப்புக் கதிர்களால் படம் எடுப்பவனுக்கு அந்த நேரமே அறுவடைக் காலம். சில ஆண்டுகளாக எனது ஓய்வுப் பொழுதுகளை விழுங்கிக்கொண்டிருப்பது இந்தப் பொழுதுபோக்குத்தான்.

மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் வரையான அலைநீளம் கொண்ட ஒளியை மட்டுமே காணவல்லது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை அரியத்தினால் பிரித்து, நிறங்கள் விழுந்த இடங்களில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்திலும் வெப்பமானி உயர்ந்தது. அந்த ஒளியால் எடுக்கப்பட்ட நிலக்காட்சிப் படங்களை 1910இல் வெளியிட்டவர் அமெரிக்க பௌதிகவியலாளரான ரொபேர்ட் வுட். இப்படங்களில் இலைகள் வெண்மையாக ஒளிர்வதை இன்றும் ‘வுட் விளைவு’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் மரத்தைக் குறிக்கும் சொல் அதுவென்று எண்ணுவோர் உண்டு. அது அம்மனிதரின் பெயர்.

‘உடற்சூட்டைக் காட்டும் கமராவா?’ என்று கேட்காதவர் குறைவு. அது வேறு. நமது உடலின் வெப்பம் 10,000 நனோமீற்றர் அளவிலான கதிர்களாக வெளிப்படுகிறது. நான் சொல்லும் கமரா காண்பது 700க்குச் சற்று மேலிருந்து 1,000 நனோமீற்றர் அளவு வரையிலான ஒளியை. சூரியனிலிருந்து வந்து பொருள்களில் பட்டுத் தெறிக்கும் ஒளிதான் அது.

டிஜிட்டல் கமராவின் சிலிக்கன் உணரிக்கு இயல்பாகவே இந்தப் பார்வை உண்டு. நிறங்கள் கெட்டுவிடும் என்பதற்காக உற்பத்தியாளர்கள் உணரியின் முன்னே தடுப்புக் கண்ணாடி ஒன்றை வைக்கிறார்கள். எனவே நமக்கு இரண்டு வழிகள் உள்ளன. 720 நனோமீற்றருக்குக் கீழான ஒளியைத் தடுக்கும் வடிகட்டியை வில்லையில் மாட்டி, கமராவை முக்காலியில் நிறுத்தி, பல விநாடிகள் காத்திருப்பது ஒன்று. எங்கள் கடற்காற்றுக்கு அது ஒத்துவராது, தென்னோலைகள் எல்லாம் புகையாகிவிடும். பழைய கமரா ஒன்றின் தடுப்புக் கண்ணாடியைக் கழற்றி, இதற்கென்றே மாற்றிவைத்துக்கொள்வது மற்றையது. நான் இரண்டாவது கட்சி.

கமராவிலிருந்து வரும் படம் இரத்தச் சிவப்பாக இருக்கும். புல்லையோ இலையையோ வெள்ளையாகக் கொள்ளும்படி நிறச் சமநிலையைச் சரிசெய்ய வேண்டும். பிறகு கணினியில் சிவப்பு, நீல அலைவரிசைகளை ஒன்றுக்கொன்று இடம்மாற்றினால் வானம் நீலமாகும். நான் பெரும்பாலும் அந்த நிறங்களையும் நீக்கிவிடுகிறேன். கறுப்பு வெள்ளைப் பத்திரிகையில் தொழில் பழகியவனின் பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருதமுனை முதல் நிந்தவூர் வரை நடந்து பாருங்கள். நீர் இக்கதிர்களை உறிஞ்சிவிடுவதால் கடல் மையாகிறது. வானம் இருள, முகில்கள் பொங்கி நிற்கின்றன. தென்னைகளோ வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. சம்மாந்துறைப் பக்கம் போனால், பெரும்போகப் பயிர் செழித்த வயல்கள் பனி மூடிய நிலம் போலத் தோன்றும். இலையின் பச்சையம் இந்த ஒளியை உறிஞ்சுவதில்லை. இலைக்குள் இருக்கும் கலங்கள் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. இரண்டாம் உலகப் போரில் கொடாக் நிறுவனம் இதற்கென்றே ஒரு வண்ணப்படச் சுருள் செய்தது. வானிலிருந்து பார்க்கையில் மெய்யான இலையும் பச்சை வர்ணம் பூசிய உருமறைப்பும் கண்ணுக்கு ஒன்றுதான். சுருளிலோ இலை செந்நிறமாக ஒளிர, பூசிய பச்சை பிடிபட்டுவிடும்.

ஆகவே இப்படங்களைப் பொய் என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. ஆனாலும் ஒரு சங்கடம் உண்டு. மருதமுனைக் கரையில் எடுத்த படமொன்றை வெளிநாட்டில் வாழும் நண்பரொருவருக்கு அனுப்பினேன். வெண்தென்னைகள், கருங்கடல், மணலில் ஓர் அத்திவாரம். ‘சொர்க்கம் போலிருக்கிறது’ என்று பதில் வந்தது. 2004இல் சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்த அத்திவாரத்தின் மேல் ஒரு வீடு இருந்தது. நண்பர் மீது குறையில்லை, அவர் கண்டது அழகைத்தான். ரிச்சர்ட் மொஸ் என்ற அயர்லாந்துக் கலைஞர், அதே கொடாக் மரபில் வந்த படச்சுருளால் கிழக்குக் கொங்கோவின் போரை இளஞ்சிவப்பு வனங்களாகப் படம்பிடித்து, 2013இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் வைத்தார். போரை அழகுபடுத்தலாமா என்ற கேள்வி அவரையும் விடவில்லை.

எனக்கு நான் விதித்துக்கொண்டவை இரண்டு. முதலாவது, மனிதரை நோக்கி இந்தக் கமராவைத் திருப்புவதில்லை. செயற்கைச் சாயங்கள் பல இந்த ஒளியில் மறைந்துபோகின்றன. கறுப்பு அபாயாவும் வெளிறிவிடக்கூடும். 1998இல் சோனி நிறுவனத்தின் இரவுப் பார்வை வீடியோ கமராக்களைப் பகலில் வடிகட்டியோடு பயன்படுத்தினால் மெல்லிய ஆடைகள் சிலவற்றை அவை ஊடுருவுகின்றன என்று தெரியவந்து, நிறுவனம் அவற்றை மாற்றியமைக்க நேர்ந்தது. எங்கள் ஊர்களில் ஒருவர் கமராவோடு வீதியில் நடப்பதே ஊர் அவர்மீது வைத்திருக்கும் நம்பிக்கையினால்தான்.

இரண்டாவது, விளக்கம் இல்லாமல் படத்தை வெளியே விடுவதில்லை. பத்திரிகையில் படத்துக்குக் கீழே வரும் இரண்டு வரிகளை இளையவர்கள் அலட்சியமாக எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். பல வேளைகளில் படத்தின் நேர்மை அந்த இரண்டு வரிகளில்தான் இருக்கிறது. மருதமுனைப் படத்தின் கீழ் இப்போது இப்படி இருக்கிறது: ‘அகச்சிவப்பு ஒளியில், நண்பகலில் எடுத்தது. வெண்மையாகத் தெரிவது பனியல்ல, பச்சை ஓலை. மணலில் இருப்பது 2004 டிசெம்பர் 26இல் கடல் கொண்டுபோன வீடொன்றின் அத்திவாரம்.’